ஐம்பதாவது முழங்கால்

முழங்கையில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போன லோதார் விட்டிக், முழங்காலை மாற்றிக்கொண்டு வீடு திரும்பியதைப் பற்றி எங்கள் மலையூரான பிர்கன்ரோடேயில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அவர் குடித்திருந்தார் என்கிறார்கள். டாக்டருக்குக் காது மந்தம் என்கிறார்கள். இரண்டும் பொய். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். பக்கத்து வீட்டுக்காரன், பெயர் எக்கார்ட், தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஒரு காரியமும் விதிமுறைக்கு வெளியே நடக்கவில்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்ல முடியும். வெளியே நடந்திருந்தால் லோதார் இன்று நேராக நடந்துகொண்டிருப்பார்.

நவம்பர் கடைசி வாரம். கூரைத் தண்ணீர்க் குழாயில் அடைத்திருந்த இலைகளை அள்ள ஏணி போட்டு ஏறியவர், மூன்றாவது படியிலிருந்து விழுந்தார். வலது முழங்கை ஆப்பிள் அளவுக்கு வீங்கிவிட்டது. மலைச்சாலையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். அடுத்தவன் வண்டி ஓட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து வருவது அவருக்கு எலும்பு முறிவைவிடப் பெரிய வேதனை.

"யோவ், பிரேக்கை ஏன்யா உதைக்கிறே? அது உனக்கு என்ன பண்ணிச்சு?" என்று ஆஸ்பத்திரி வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் இருந்த நர்ஸ் கையைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"வயசு?"

"அறுபத்தாறு."

"முழங்கால் எப்படி இருக்கு?"

"முழங்கைம்மா."

"அது தெரியுது. நான் முழங்காலைக் கேட்டேன்."

"நல்லா இருக்கு."

அவள் முகம் வாடியது. "படி ஏறும்போது?"

"ஏறும்போது எல்லாருக்கும்தான் லேசா..."

அவள் உடனே போனை எடுத்தாள்.

முழங்கைக்கு எக்ஸ்ரே எடுக்கப் பதினேழு பேர் காத்திருந்தார்கள். முழங்காலுக்கு வரிசையே இல்லை. லோதாரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். முழங்காலைப் படமெடுத்த கையோடு, போனால் போகிறதென்று முழங்கையையும் ஒரு படம் எடுத்தார்கள்.

இளம் டாக்டர் ஒருவர் வந்து, கை எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கலாம் என்றார். "ஆனா அதை நாங்க பார்க்கக் கூடாது சார். ஆஸ்பத்திரியில தங்கிப் படுக்க வேண்டாத நோய் எல்லாம் வெளியில கிளினிக் வச்சிருக்கிறவங்களோடது. காப்பீட்டுல அப்படித்தான் பிரிச்சிருக்கு."

"அவங்ககிட்ட எப்ப காட்டலாம்?"

"மார்ச்ல நேரம் கிடைக்கலாம்."

அந்த நேரத்தில்தான் எலும்புப் பிரிவின் தலைவர், பேராசிரியர் டாக்டர் ஆன்ஸ்கர் தீலே, நாலாம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் தரைத்தளத்துக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. நர்ஸுகள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். அவர் முழங்கால் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, வைரம் வாங்க வந்தவர் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"நல்ல தேய்மானம்" என்றார். பிறகு காலை இரண்டு கையாலும் அழுத்தினார். "வலிக்குதா?"

"இல்லையே."

"இன்னும் வலி வரலை" என்று பக்கத்தில் இருந்த நர்ஸிடம் திருத்திச் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள்.

லோதார் கையைப் பற்றிப் பேச்செடுத்தார். பேராசிரியர் அன்போடு அவர் தோளைத் தொட்டார். அடிபட்ட பக்கத்துத் தோள்.

"ஒரு ஆஸ்பத்திரின்னா வருஷத்துக்கு ஐம்பது முழங்காலாவது மாத்தணும் சார். ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த வருஷம் மாத்த விடமாட்டாங்க. நாற்பத்தொன்பது செஞ்சவனுக்குக் கைப்பழக்கம் போதாதுன்னு சட்டம். எல்லாம் நோயாளியோட பாதுகாப்புக்காகத்தான்."

"இதுவரைக்கும் எத்தனை ஆச்சு?"

"நாற்பத்தொன்பது."

"அப்ப அந்த நாற்பத்தொன்பது பேரோட பாதுகாப்பு?"

"ஐம்பதாவது ஆள் வந்துட்டா அவங்க எல்லாருமே பாதுகாப்பா இருப்பாங்க" என்றார் பேராசிரியர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியின் நிர்வாக இயக்குநர் திருமதி ஹோல்ட்காம்ப், கையில் ஒரு தட்டு வெண்ணெய்க் கேக்கோடு லோதார் வீட்டுக்கு வந்தார். லோதாரின் மனைவி கெர்லிண்டே காபி ஊற்றினாள். மகள் மைக்கேயும் இருந்தாள். அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பம். நான் கேக்குக்காக இருந்தேன்.

"எங்க ஆஸ்பத்திரியில மனுஷன்தான் மையம்" என்று ஆரம்பித்த இயக்குநர், பேச்சு முழுக்க மேஜைக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனுஷனுக்கு முழங்கையும் உண்டு" என்றாள் கெர்லிண்டே. "இன்னும் வீக்கம் வத்தலை."

"முழங்கைக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது மேடம். அதனால அதைப் பத்தி எனக்கு அபிப்பிராயம் இல்லை."

மைக்கே குறுக்கே கேட்டாள். "முழங்கால் பிரிவு மூடினா மூடிட்டுப் போகட்டுமே. பிரசவ வார்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

இயக்குநர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். இதற்காகத்தான் வந்தேன் என்பது போல இருந்தது.

"பிரசவம் எப்ப வரும்னு சொல்ல முடியாதும்மா. ராத்திரி பகல் ஒரு மருத்துவச்சி, ஒரு டாக்டர், மயக்க மருந்து கொடுக்க ஒருத்தர், எல்லாரும் உட்கார்ந்தே இருக்கணும். உட்கார்ந்திருக்கிறதுக்குக் காப்பீடு சல்லி கொடுக்காது. நோயாளி வந்தா, இன்ன நோய்க்கு இன்ன தொகைன்னு கொடுக்கும். முழங்கால் அப்படி இல்லை. சொன்ன தேதிக்கு வரும், சொன்ன தேதிக்குப் போகும். நடுவுல அழாது. எங்க வார்டுல பிறக்கிற ஒவ்வொரு குழந்தையையும் ஒரு முழங்கால்தான் தாங்கிக்கிட்டு நிக்குது. அந்தப் பிரிவு போனா மூணு மாசத்துல பிரசவ வார்டும் போயிடும்."

மைக்கே தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாவது கருத்துக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு, அதைப் பத்து நாள் முன்பே அவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதும் விதி. இயக்குநர் போகும்போது அதையும் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். லோதார் அந்த உரிமையை நிஜமாகவே பயன்படுத்துவார் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மலைக்கு அந்தப் பக்கம், நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, மாவட்டத் தலைநகரில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே வருஷத்துக்கு நானூறு முழங்கால் மாற்றுகிறார்கள், அதனால் யார் முழங்காலுக்கும் அவர்கள் ஆசைப்பட வேண்டியதில்லை. அங்கிருந்த பெண் டாக்டர் இரண்டு நிமிஷம் பார்த்தார்.

"இந்த முழங்கால் இன்னும் இருபது வருஷம் ஓடும். யார் இதை மாத்தணும்னு சொன்னது?"

லோதார் நிம்மதியாக எழுந்து கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். டாக்டர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சாப்பாடு விழுங்கும்போது நெஞ்சுக்குள்ள ஏதாவது சிக்குற மாதிரி இருக்கா?"

"இல்லையே."

"கொஞ்சம்கூட? ரொட்டி, உருளைக்கிழங்கு மாதிரி?"

அவர்களுக்கு உணவுக்குழாய் ஆபரேஷனில் இரண்டு குறைகிறது என்று வெளியே வரவேற்பறைப் பெண் எங்களிடம் சொன்னாள். திரும்பி வரும் வழி முழுக்க லோதார் என் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மலை உச்சியைத் தாண்டும்போது மட்டும், "எச்சில் விழுங்கவே பயமா இருக்குய்யா" என்றார்.

காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் பண்ணலாம் என்பது என் யோசனை. நாற்பது வருஷமாக அவர் சம்பளத்தில் பிடித்து வாங்கிக்கொண்டவர்கள், இந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா. அரை மணி நேரம் பியானோ கேட்ட பிறகு ஒரு வாலிபக் குரல் வந்தது. லோதார் எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் குரல் பொறுமையாகக் கேட்டது.

"இந்த ஆபரேஷன் தேவையில்லைன்னு எங்களுக்கும் தோணுது சார்."

"அப்ப அதை எழுதிக் கொடுங்க தம்பி."

"முன்னாடியே சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை சார். டாக்டரோட சுதந்திரத்துல நாங்க தலையிடறதில்லை. முடிஞ்ச பிறகுதான் தலையிடுவோம். தணிக்கை டாக்டர்கள் ஃபைலைப் பார்த்துத் தேவையில்லாம செஞ்சிருக்காங்கன்னு சொல்லிட்டா, கொடுத்த தொகையை ஆஸ்பத்திரிகிட்டயிருந்து திரும்ப வாங்கிடுவோம். கவலைப்படாதீங்க."

"தொகை உங்களுக்குத் திரும்ப வந்துடும். என் கால்?"

குரல் கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தது. "அதுக்கு எங்ககிட்ட ஃபாரம் இல்லை சார்."

டிசம்பர் பிறந்ததும் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. லோதார் தெருவில் போனால் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ரொட்டிக் கடைக்காரி இரண்டு ரொட்டி அதிகமாகப் போட்டுக் கொடுத்து, "முழங்கால் ஏதாவது வலிக்குதா?" என்று கேட்பாள். நல்லா இருக்கேன் என்று அவர் சொன்னால் அவள் கண் கலங்கிவிடும். ஒருநாள் பனியில் வழுக்கி அவர் தடுமாறியபோது எதிர்ச்சாரியில் நின்ற கறிக்கடைக்காரர் சந்தோஷத்தில் கை தட்டிவிட்டார். அதன் பிறகு லோதார் ஒரு மரியாதைக்காகக் கொஞ்சம் நொண்ட ஆரம்பித்தார். எந்தக் காலை நொண்டுவது என்பதில் மட்டும் இரண்டு மூன்று நாள் குழப்பம் இருந்தது. கெர்லிண்டே அவர் இடது காலணிக்குள் ஒரு சின்ன அட்டைத் துண்டை வைத்துத் தீர்த்தாள்.

கிறிஸ்துமஸ் சந்தையைத் திறந்துவைத்த மேயர், சூடான ஒயின் கோப்பையோடு பேசினார். "நமது ஊர் என்றும் சொந்தக் காலில் நின்ற ஊர். இந்த வருஷம் ஒரே ஒரு காலில் நிற்கிறது. அந்தக் கால் யாருடையது என்று நான் சொல்ல மாட்டேன். எவரையும் வற்புறுத்துவது ஜனநாயகம் ஆகாது. அவர் அதோ அந்த வறுத்த பாதாம் கடைப் பக்கம் நிற்கிறார்." எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று லோதாரின் கார்க் கொட்டகையில் நாங்கள் இருவரும் குளிர்கால டயர் மாட்டிக்கொண்டிருந்தபோது மைக்கே வந்தாள். அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இருக்க மாட்டான்.

"அப்பா, எனக்காக நீ எதுவும் பண்ண வேண்டாம். நாற்பத்தெட்டு கிலோமீட்டர்தானே. ஒரு மணி நேரம். பிப்ரவரியில எத்தனையோ பேர் போறாங்க."

"ம்" என்றார் லோதார்.

அவள் போன பிறகு நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். ஒரு பிப்ரவரியில் மலை உச்சியில் பதினோரு பயணிகளோடு பத்தொன்பது மணி நேரம் பனியில் மாட்டிக்கொண்டவர் அவர். அந்தப் பத்தொன்பது மணி நேரத்தைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"அந்த ரோடு எனக்குத் தெரியும் எக்கார்ட்" என்றார். "தெரியாதவன் வேணும்னா முழங்காலை வச்சுக்கலாம்."

டிசம்பர் பதினேழாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பக்கத்துப் படுக்கையில் புரூனிங் என்று எண்பத்தோரு வயதுக்காரர், நுரையீரல் அழற்சி. காலையில் டாக்டர்கள் கூட்டமாக வந்தார்கள். கூட்டத்தின் நடுவில் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு ஒரு பெண். நோய்களுக்குக் கணக்கு எண் போடுகிறவள். பேராசிரியர்கூட அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நுரையீரல் அழற்சிக்கு இவர் தொகை நேத்தோட தீர்ந்துபோச்சு டாக்டர். இன்னிக்கு நம்ம கைக்காசு."

"இன்னும் இருமுறாரே."

"கூட ஏதாவது நோய் சேர்த்தா ரெண்டு நாள் நீட்டலாம்." அவள் கிழவர் பக்கம் குனிந்தாள். "ஐயா, ஞாபக மறதி ஏதாவது உண்டா? கொஞ்சம் குழப்பம்? கிழமை தெரியாம போறது?"

"இன்னிக்கு வியாழக்கிழமை" என்றார் புரூனிங் மிடுக்காக. "எனக்கு எல்லாப் பிரதமர் பேரும் வரிசையா தெரியும்."

அந்த மிடுக்குக்காக மத்தியானமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருமிக்கொண்டே கோட்டைப் போட்டுக்கொண்டு, லோதாருக்கு நல்வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஜனவரியில் அவர் அடக்கத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம்.

ஆபரேஷன் பிரமாதமாக நடந்தது என்றார்கள். லோதார் கண் விழித்தபோது டாக்டர்களும் நர்ஸுகளும் ஆளுக்கு ஒரு துண்டு கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கேக்கின் மேல் சர்க்கரையால் ஐம்பது என்று எழுதியிருந்ததாம், அவர் பார்த்தபோது சைபர் மட்டும்தான் மிச்சம். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. இயக்குநர், பேராசிரியர், மேயர், பதினான்கு ஊழியர்கள். ஓரத்தில் கட்டுப்போட்ட ஒரு கால்.

ஜனவரி இரண்டாவது வாரம் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, லோதார் இரண்டு ஊன்றுகோலோடு கோட்டும் டையும் கட்டிக்கொண்டு வந்தார். இயக்குநர் மேடையேறினார்.

"விட்டிக் அவர்களின் பெருந்தன்மையால் நம் முழங்கால் பிரிவு நிலைத்துவிட்டது. நிலைத்தது வளர வேண்டும். வளர இடம் வேண்டும். ஆஸ்பத்திரியில் நல்ல வெளிச்சமும் அகலமான கதவும் உள்ள தளம் இரண்டாவது தளம்தான். ஆகவே ஜனவரி முப்பத்தொன்றோடு பிரசவ வார்டு அங்கிருந்து இடம் மாறுகிறது."

"எந்தத் தளத்துக்கு?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"மாவட்டத் தலைநகருக்கு."

லோதார் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். எழுவதற்கு நேரம் பிடித்தது, அதுவரை இயக்குநர் மரியாதையாகக் காத்திருந்தார்.

"பிரசவ வார்டைக் காப்பாத்தணும்னுதானே என் காலை வாங்கினீங்க?"

"கண்டிப்பா சார். டிசம்பர்ல அதுதான் நோக்கம். உங்க உதவியை நாங்க மறக்கவே இல்லை. ஆனா இப்ப ஜனவரி. ஒரு பிரசவத்துக்குக் கிடைக்கிற தொகையையும் ஒரு முழங்காலுக்குக் கிடைக்கிற தொகையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நீங்க என் நாற்காலியில இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"எழுந்திருப்பேன்" என்றார் லோதார்.

சிலர் சிரித்தார்கள். இயக்குநரும் சிரித்தார். குறிப்பேட்டில், மக்கள் கருத்துக் கேட்கப்பட்டது என்று எழுதினார்கள்.

பிப்ரவரி இருபதாம் தேதி, காலை பத்தரை மணிக்கு மைக்கேக்கு வலி எடுத்தது. ஒரு வாரம் முன்னதாக. அவள் புருஷன் வடகோடித் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், வண்டி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நீங்கள் கிளம்பி எதிரே வாருங்கள் என்றார்கள். லோதார் சாவியை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கை வரை போனார். இடது காலை மடக்கி உள்ளே வைக்க முடியவில்லை. இரண்டு தடவை முயன்றார். பிறகு சாவியை என்னிடம் கொடுத்தார்.

டோர்டே என்ற மருத்துவச்சியைப் போகிற வழியில் ஏற்றிக்கொண்டோம். எங்கள் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவள். மூன்று வாரமாக வேலை இல்லாமல் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். கையில் சுண்ணாம்போடு வந்து பின் இருக்கையில் ஏறினாள்.

பனி ஜன்னலை மறைத்தது. லோதார் என் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். "இப்ப ரெண்டாவது கியர். வலது பக்கம் பள்ளம் வரும், நடுவுலயே போ. பிரேக்கைத் தொடாதே. தொடாதேன்னு சொல்றேன்ல."

பின்னால் மைக்கே கத்தினாள். லோதார் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் ஓட்டுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

உச்சிக்கு வந்தபோது டோர்டே, "வண்டியை நிறுத்துங்க" என்றாள். அங்கே ஒரு பழைய பஸ் நிறுத்தக் கொட்டகை உண்டு, மூன்று பக்கம் பலகைச் சுவர். எங்கள் கோட்டுகளை விரித்தோம். லோதார் திறந்த பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு, காற்று உள்ளே போகாமல் ஊன்றுகோலில் தொங்கியபடி நாற்பது நிமிஷம் நின்றார். பன்னிரண்டு பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. பன்னிரண்டரைக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஊழியர் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு, பிறந்த ஊர் எது என்று கேட்டார். இரண்டு ஊர்களின் எல்லை கொட்டகையின் நடுவில் ஓடுவதால், குழந்தையின் தலை எந்தப் பக்கம் வந்தது, கால் எந்தப் பக்கம் வந்தது என்று இரண்டு பதிவு அலுவலகங்களும் ஏப்ரல்வரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரியில் பிறக்காததால் காப்பீட்டின் கணக்கில் இது பிரசவமே இல்லை. இடமாற்றம் என்று பதிந்திருந்தார்கள்.

மே மாதம் தணிக்கை வந்தது. லோதாரின் முழங்காலைத் தேவையில்லாமல் மாற்றியிருக்கிறார்கள் என்று தணிக்கை டாக்டர் எழுதிவிட்டார். அந்த ஒன்றைக் கழித்தால் நாற்பத்தொன்பது. புதிதாக வண்ணம் பூசிய இரண்டாவது தளத்துக்கு அதோடு பூட்டு. ஆஸ்பத்திரி மேல்முறையீடு செய்ய, சமரசக் குழு லோதாரை அழைத்தது.

வராந்தாவில் இயக்குநர் காத்திருந்தார். "ஒரே ஒரு வார்த்தை சார். வலிச்சதுன்னு."

எதிர் பெஞ்சிலிருந்து காப்பீட்டின் வக்கீல் எழுந்து வந்தார். "ஒரே ஒரு வார்த்தை சார். வலிக்கலைன்னு."

உள்ளே குழுத்தலைவரும் ஃபாரம் நிரப்பும் ஒரு அம்மாளும் இருந்தார்கள். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டாள். "முழங்காலில் வலி உண்டா?"

லோதார் மெதுவாகப் பேசினார். "முன்னாடி இல்லை. இப்ப இருக்கு. படி இறங்க முடியலை. என் பொண்ணு பின்னாடி கத்தினப்ப என்னால வண்டி ஓட்ட முடியலை. அந்த ரோட்டுல ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆள் நான். இதைச் சொல்லத்தான் வந்தேன். ஒரு வார்த்தை விடாம எழுதிக்கங்க."

அந்த அம்மாள் காத்திருந்தாள். "சுருக்கமா சொல்லுங்க சார். உண்டா, இல்லையா?"

"உண்டு."

உண்டு என்ற கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். வக்கீல் எழுந்தார். "ஐயா, இது ஆபரேஷனுக்குப் பிறகு வந்த வலி."

குழுத்தலைவர் ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன், பின் என்று இதில் கேட்கவில்லையே" என்றார். ஐம்பது நிலைத்தது.

வாசலில் இயக்குநர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டாவது தடவையா எங்களைக் காப்பாத்தியிருக்கீங்க." லோதார் கையை விடுவித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பற்றினார். பதினொரு படி. ஒவ்வொன்றாக இறங்கினார். நான் முன்னால் போய் வண்டியை எடுத்தேன்.

அந்தக் கோடையில் அவர் மலை உச்சிக் கொட்டகைக்கு நாலாவது பக்கமும் பலகை அடித்து, ஒரு கதவு மாட்டினார். ஒரு சின்ன இரும்பு அடுப்பு, கம்பளிகள், கட்டில், வெந்நீர்ப் பாத்திரம். டோர்டே தன் பையை அங்கேயே வைத்தாள், போன் வந்தால் போனாள். டிசம்பருக்குள் இன்னும் இரண்டு குழந்தைகள் அங்கே பிறந்தார்கள். அதே டிசம்பரில் எங்கள் ஆஸ்பத்திரி நூற்றெட்டாவது முழங்காலைக் கொண்டாடியது.

ஜனவரியில் மாநிலத் தலைநகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரித் திட்டத்தில் இல்லாத இடத்தில் பிரசவம் நடப்பதாகத் தெரிகிறது, இணைத்துள்ள ஃபாரத்தை நிரப்பி அனுப்பவும் என்று. லோதார் அதைக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு வந்து, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து நிரப்பினார். படுக்கைகள் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினார். கடந்த ஆண்டுப் பிரசவங்கள், மூன்று. அதற்குக் கீழே, இந்தச் சேவையைத் தொடரத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருந்தது. சட்டம் சொல்லும் எண்ணை அதில் போட வேண்டும், அது பின்பக்கம் அட்டவணையில் இருந்தது. லோதார் பின்பக்கம் திருப்பவில்லை.

"என்னய்யா போடப் போறே?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை அழுத்தி ஒன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கவரில் ஒட்ட என்னிடம் தபால்தலை கேட்டார்.